கணைய லைபேஸுக்கு மூடி எதற்கு? கொழுப்பைச் செரிக்கப் பித்தம் மட்டும் போதாதா?

முதலில் பித்தத்தை முடித்துவிடுகிறேன். பித்த உப்பு எண்ணெயைச் சிறுசிறு துளிகளாகச் சிதறடிக்கும், அவ்வளவுதான். ஒரு வேதிப் பிணைப்பைக்கூட வெட்டாது. வெட்டுவது கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி. பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 1840களிலேயே முயலை வைத்து இதைக் காட்டிவிட்டார். முயலுக்குப் பித்தநாளம் சிறுகுடலின் தொடக்கத்திலும், கணைய நாளம் அதற்கு வெகு கீழேயும் திறக்கும். கொழுப்பு தின்ற முயலின் குடலில், கணைய நாளம் வந்து சேரும் இடத்துக்கு அப்புறம்தான் நிணநீர்க் குழாய்கள், செரித்த கொழுப்பு ஏறி, வெளுத்திருந்தன.

சரி, மூடிக்கு வருவோம். மனிதக் கணைய லைபேஸ் 449 அமினோ அமிலங்களாலான ஒற்றைச் சங்கிலி. இரண்டு பகுதிகளாக மடிந்திருக்கும். பெரிய பகுதியில் வெட்டும் இடம். அங்கே சேர்ந்து வேலை செய்பவை மூன்று அமினோ அமிலங்கள்: சங்கிலியில் 152ஆவதாக உள்ள செரின், 176ஆவது ஆஸ்பார்ட்டிக் அமிலம், 263ஆவது ஹிஸ்டிடின். இதே மாதிரி மூவர் கூட்டணி புரதத்தைச் செரிக்கும் டிரிப்ஸினிலும் உண்டு. அதனால் வெட்டும் வேதியியலில் பெரிய புதுமை இல்லை. எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில்.

1990இல் எக்ஸ்ரே படிகவியல் மூலம் இதன் வடிவம் தெரிந்தபோது, அந்தச் செரின் வெளியே தெரியவே இல்லை. 237 முதல் 261 வரையுள்ள அமினோ அமிலங்களாலான ஒரு வளையம் அதன் மேல் படுத்திருந்தது. அதுதான் நீங்கள் கேட்கும் மூடி. 1958இலேயே சார்தா, தெனுயேல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள்: கொழுப்புப் பொருள் நீரில் கரைந்திருக்கும்வரை லைபேஸ் சோம்பேறி, கரையும் அளவைத் தாண்டித் துளிகள் உருவானதும் வேகம் சட்டென்று ஏறும். மூடியைப் பார்த்த பிறகு காரணம் விளங்கியது. 1993இல் வெளியான திறந்த நிலைப் படத்தில் வளையம் விலகியிருந்தது. விலகும்போது, நீரை வெறுக்கும் பரப்பு ஒன்று வெளியே வருகிறது. அது எண்ணெய்ப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆக, மூடி வெறும் தடுப்பு மட்டும் இல்லை, திறந்ததும் பிடிமானத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இங்கேதான் பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் சிக்கல். துளியைச் சிதறடித்த அதே பித்த உப்பு துளியின் மேற்பரப்பையும் மூடிக்கொள்ளும். தனி லைபேஸ் அங்கே ஒட்ட முடியாமல் தள்ளப்படும். இதற்காகவே கணையம் கோலைபேஸ் என்ற சின்னப் புரதத்தையும் சேர்த்து அனுப்புகிறது. அதற்கு வெட்டும் திறன் கிடையாது. லைபேஸின் சின்னப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, பித்த உப்பு நிறைந்த பரப்பிலும் அதை நங்கூரமிடும். திறந்த மூடியையும் தொட்டுத் தாங்கும்.

அப்புறம் வெட்டு. உணவுக் கொழுப்பின் மூலக்கூறான டிரிகிளிசரைடில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இருக்கும். லைபேஸ் இரு ஓரங்களில் உள்ளதை மட்டும் வெட்டி, நடுவில் உள்ளதை விட்டுவிடும். கிடைப்பது இரண்டு கொழுப்பு அமிலங்கள், நடு அமிலம் மட்டும் மிஞ்சிய ஒரு மோனோகிளிசரைடு. இவற்றைச் சுமந்து குடல் சுவர்வரை கொண்டுபோவது மறுபடியும் பித்த உப்புதான். பித்தத்தின் முக்கியமான வேலை இந்த இரண்டாவது வேலை என்பது என் கருத்து.

எடை குறைக்கக் கொடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரை இந்த 152ஆவது செரினோடுதான் பிணைந்து நொதியை முடக்குகிறது. வழக்கமான அளவில் உணவுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதம் செரிக்காமல் மலத்தோடு போகும். அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வது குறையும் என்பதால், அந்த மாத்திரை எடுப்பவர்களை வைட்டமின் மாத்திரையைத் தனியாக, இரவு படுக்கும்போது போடச் சொல்வார்கள்.