மளிகை மொத்தக் கடைக்கு ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் பேக்கப் போதுமா?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பதாகவும், மூன்று கணினிகளில் டாலி கணக்கு மென்பொருள் ஓடுவதாகவும், கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரவுதோறும் பேக்கப் ஆவதாகவும் சொல்லி, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

நானும் அந்த வட்டாரத்தில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு பார்ப்பவன்; சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இருந்ததும் இதே ஏற்பாடுதான். ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. இவ்வகைத் தீநிரல் கணினியால் எழுத முடிகிற எல்லா இடங்களிலும் எழுதும் என்பதால், செருகியிருந்த டிஸ்க்கும் அதோடு போயிற்று.

பணம் கொடுக்கவில்லை, கணக்கைத் திரும்ப உட்கார்ந்து ஏற்றினோம். ஜிஎஸ்டி தளத்தில் நாங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கை இருந்ததால் பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. எங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததைத் தொகுத்துக் காட்டும் 2பி அறிக்கையிலிருந்து கொள்முதலைப் பெரும்பாலும் மீட்டோம். ஆனால் யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அரசுத் தளத்தில் இருக்காது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் கடைக்காரர்களிடம் சென்று அவர்கள் நோட்டைப் பார்த்து எங்களுக்கு வர வேண்டிய பாக்கியை எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவன் கடன்காரரிடம் கணக்குக் கேட்கும் நிலை எவ்வளவு சங்கடமானது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே எந்தக் கருவி வாங்குவது என்பதற்கு முன், எத்தனை மணி நேர வேலையை மறுபடி ஏற்ற முடியும், எத்தனை மணி நேரம் பில் போடாமல் கடை தாங்கும் என்று முடிவு செய்யுங்கள். மொத்த வியாபாரத்தில் ஒரு நாள் வசூலே அதிகம் என்பதால், மதியம் ஒன்றும் கடை அடைக்கும்போது ஒன்றுமாக இரு முறை எடுப்பதை நான் பரிந்துரைப்பேன்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரவலாக்கிய 3-2-1 முறை சிறு கடைக்கும் பொருந்தும்: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு அது இப்படி அமையலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்று கடையில் இருக்கும்போது மற்றொன்று வீட்டில் இருக்கட்டும், வாரந்தோறும் மாற்றுங்கள், பேக்கப் முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். வீடு தாழ்வான பகுதியில் இருந்தால் டிஸ்க்கைத் தரையோடு வைக்காதீர்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம்.

கூகுள் டிரைவும் வேண்டும்; ஆனால் அதில் ஒத்திசைவு (சிங்க்) வேறு, காப்பு (பேக்கப்) வேறு. கணினியில் கெட்டுப்போன கோப்பு அங்கேயும் கெட்டே போய்ச் சேரும். பழைய பதிப்புகளும் பொதுவாக 30 நாட்களே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் டாலி கோப்புறையை அதில் இணைக்காமல், டாலியிலிருந்து எடுத்த பேக்கப் கோப்பைத் தேதியிட்ட தனிக் கோப்புறையில் ஏற்றுங்கள். அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல் முதலாளியிடமும் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

ஆண்டு முடிவுப் பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். 2022-23 கணக்கு என்றால் 2029 டிசம்பர் இறுதி வரை.

பலரும் விட்டுவிடுவது மீட்டுப் பார்ப்பதைத்தான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது, வைத்திருந்த ஐந்து காப்பு வழிகளில் எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரப் பழைய பிரதிதான் கைகொடுத்தது. மாதம் ஒருமுறை, கடையில் பயன்படுத்தாத ஒரு கணினியில், வேறு கோப்புறையில் மீட்டுப் பாருங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் இடத்திலேயே மீட்டால் பழையது புதியதை அழித்துவிடும். மீட்டதில் மூன்று வாடிக்கையாளர்களின் பாக்கியை அன்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் சேர்த்து, பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.