வாகனக் கேள்வி – பதில்: பொத்தானுக்கும் பூட்டுக்கும் நடுவில்

இம்முறை வந்த கடிதங்களிற் பாதிக்கு மேற்பட்டவை கார்க் கதவுகளைப் பற்றியே பேசுகின்றன. அதில் வியப்பில்லை. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் நம்மவர்கள் பழைய கார்களையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினார்கள். கார் வாங்கும்போது எஞ்சின், ரயர், வாகனப் புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பவர்கள், கையில் தரப்படும் திறப்பை மட்டும் பார்ப்பதில்லை.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, சாரதிப் பக்கக் கதவு மட்டும் சில வேளைகளில் அசைவதில்லை. காலையில் ஒழுங்காகப் பூட்டும், மதியம் பாடசாலை வளவில் வெயிலில் நின்ற பிறகு பூட்டாது. ரிமோட்டை மாற்றும்படி கராஜில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். மூன்று கதவுகள் சொற்கேட்கும்போது ரிமோட்டைக் குற்றவாளியாக்க முடியாது. ரிமோட்டுக்கு உங்கள் நான்கு கதவுகளையும் தனித்தனியே தெரியாது. 'பூட்டு' என்ற ஒரே செய்தியைத்தான் அது வானலையில் விடுகிறது. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அச்செய்தியை வாங்கி, அது தனக்குரிய திறப்பிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்த்து, ஒவ்வொரு கதவின் உள்ளேயும் இருக்கும் சிறு மோட்டருக்கு மின்னோட்டத்தை அனுப்புகிறது. அம்மோட்டரை இயக்க இரண்டு வயர்கள் போதும். மின் ஒரு திசையில் ஓடினால் கதவு பூட்டும், திசையைத் திருப்பிவிட்டால் திறக்கும். அதுவும் ஒரு வினாடிக்குக் குறைவான நேரமே மின் கிடைக்கும்; அதற்குள் மோட்டர் சுழன்று, நைலோன் பற்சக்கரங்களைத் திருப்பி, பூட்டின் நெம்புகோலைத் தள்ளிவிட வேண்டும்.

சாரதிக் கதவின் மோட்டரே முதலிற் களைத்துப்போவது ஏனென்றால், நான்கு கதவுகளிலும் அதிகம் திறந்து மூடப்படுவதும், அதிகம் அடித்துச் சாத்தப்படுவதும் அதுதான். அண்மையில் கிளிநொச்சியிலுள்ள ஒரு கராஜில் இப்படியான ஒன்றைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டர். அதன் உள்ளே சுழலும் செப்புத் தகடுகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன, அவற்றை உரசி நிற்க வேண்டிய தொடுமுனைகள் தேய்ந்து மெலிந்திருந்தன. கதவின் உட்புறம் எங்கும் நமது செம்மண் புழுதி, பழைய கிரீஸோடு குழைந்து களியாகி இருந்தது. மோட்டருக்கு மின் வந்தது, 'உம்' என்று ஒரு முனகலும் கேட்டது, ஆனால் நெம்புகோல் பாதி வழியில் நின்றுவிட்டது. இத்தகைய மோட்டர்கள் பலவற்றில், அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் மின்னைக் குறைத்துவிடும் பாதுகாப்பு உறுப்பும் உண்டு. தேய்ந்த மோட்டர், உலர்ந்த கிரீஸ், வெயிலிற் காய்ந்த கதவு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால், காலையில் வேலை செய்து மதியத்தில் மறுப்பதில் மர்மம் எதுவுமில்லை.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அமைதியான நேரத்தில், பழுதான கதவில் காதை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். முனகலோ பலவீனமான 'டக்' ஒலியோ கேட்டால், மோட்டர் அல்லது பூட்டின் பொறி காரணம். எந்த ஒலியுமே இல்லாவிட்டால், கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள கறுப்பு இறப்பர்க் குழாயைப் பாருங்கள். கதவு ஆடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடிந்து நிமிர்வதால், வெளியுறை நன்றாக இருக்க உள்ளே செப்பு முறிந்திருக்கும். கதவைப் பாதி திறந்த நிலையில் வைத்து அந்தக் குழாயை மெல்ல அசைத்தபடி ரிமோட்டை அழுத்தும்போது திடீரென்று வேலை செய்தால், பழுது அங்கேதான். முறிந்த வயரைப் பற்றாசு வைத்து இணைப்பது ஒரு மணி நேர வேலை. நான்கு கதவுகளும் சேர்ந்து மறுத்தால் மட்டுமே பியூஸ், கட்டுப்பாட்டுப் பெட்டி, ரிமோட் என்ற வரிசையில் தேட வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வான் உரிமையாளர்: எனது பழைய டொல்பின் வானுக்குச் சென்ட்ரல் லொக் (எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டும் ஏற்பாடு) பொருத்த முடியுமா?

முடியும். கடைகளிற் கிடைக்கும் தொகுதிகளிற் பொதுவாகச் சாரதிக் கதவுக்கான மோட்டரில் ஐந்து வயர்களும் மற்றவற்றில் இரண்டு வயர்களும் இருக்கும். மேலதிக மூன்று வயர்கள், சாரதிக் கதவு பூட்டப்பட்டதை உணர்ந்து மற்றக் கதவுகளுக்கு அறிவிக்கும் ஆளிக்குரியவை. வானில் உண்மையான தலையிடி, தள்ளித் திறக்கும் பக்கக் கதவுதான். அது ஓடித் திரிவதால் வயரை நேரே கொண்டுபோக முடியாது. கதவு மூடும்போது மட்டும் ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள் வைக்க வேண்டும், புழுதி படிந்தால் அவற்றைத் துடைக்கவும் வேண்டும். வயர்களை முறுக்கி ரேப் சுற்றி விடுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பற்றரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருப்பதை உங்கள் கண்ணாற் பாருங்கள்.

பரந்தனிலிருந்து ஒரு வாசகர்: எனது ஜப்பானியக் காரின் ரிமோட் தொலைந்துவிட்டது. லண்டனிலுள்ள தம்பி, அங்கே ஓடும் அதே பெயருடைய காரின் ரிமோட்டை வாங்கி அனுப்பினார். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கிறது, ஆனால் கார் அசையவில்லை. இருக்கும் மற்ற ரிமோட்டையும் பேரப்பிள்ளை நாள் முழுக்க அழுத்தி விளையாடுகிறான். அதுவும் கெட்டுவிடுமா?

தம்பியின் அன்பிற் குறையில்லை, அலைவரிசையிற்றான் குறை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹேட்ஸுக்கு அண்மையில் பேசுகின்றன. ஐரோப்பியச் சந்தைக்குரியவை பொதுவாக 433.92 மெகாஹேட்ஸில் பேசுகின்றன. அலைவரிசை ஒத்திருந்தாலும், இன்னொரு காருக்குரிய ரிமோட்டை உங்கள் கார் ஏற்காது. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி இலக்கமும் இரகசியச் சாவி எண்ணும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகத்தில் அதைப் பதிந்தால்தான் கதவு திறக்கும்.

பேரப்பிள்ளையின் விளையாட்டுக்கு வருவோம். பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே குறியீட்டையே அனுப்பின. அருகில் நின்று அதைப் பதிவுசெய்த எவரும் பிறகு அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறக்கலாம். அதற்கு மாற்றாக வந்ததுதான் மாறுங் குறியீடு. ஒரே மாதிரியான இரண்டு சீட்டுப் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று ரிமோட்டில், மற்றது காரில். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் அடுத்த சீட்டைக் கிழித்து அனுப்புகிறது. கார் தனது புத்தகத்தில் அதைத் தேடி, சரியென்றால் திறந்து, அதுவரையிலான சீட்டுகள் அனைத்தையும் செல்லாதவையாக்குகிறது. பேரன் வீட்டுக்குள் அழுத்தும்போது ரிமோட்டின் புத்தகம் மட்டும் முன்னே ஓடுகிறது. இதை எதிர்பார்த்தே கார் சில சீட்டுகள் முன்னேயும் பார்க்கிறது. பரவலாகப் பயன்பட்ட கீலொக் என்ற மாறுங் குறியீட்டு முறையில், அடுத்த 16 குறியீடுகளில் எது வந்தாலும் உடனே ஏற்கப்படும். அதற்கும் அப்பால் போயிருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு சரியான குறியீடுகளைக் கேட்டபின் கார் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே முதல் அழுத்தலிற் திறக்காவிட்டால் பதறாமல் இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பேரனாற் கெடக்கூடியது பொத்தானின் அடியிலுள்ள இறப்பரும் பற்றரியுமே. இந்தக் கீலொக் முறையின் பலவீனத்தையும் ஆய்வாளர்கள் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தாதி: ஸ்மார்ட் கீ கைப்பைக்குள் இருக்க, கைபிடியைத் தொட்டதும் கதவு எப்படித் திறக்கிறது? வருடக்கணக்கில் உழைக்கும் என்று சொன்ன அதன் பற்றரி எனக்கு நான்கு மாதங்கூட நிற்பதில்லை.

ரிமோட்டில் திறப்பு பேசும், கார் கேட்கும். ஸ்மார்ட் கீயில் முதலிற் பேசுவது கார். நீங்கள் கைபிடியைத் தொட்டவுடன், கதவிலுள்ள அன்டெனா 125 அல்லது 134 கிலோஹேட்ஸ் அளவிலான தாழ் அலையில் 'என் திறப்பு இங்கே உண்டா?' என்று கூப்பிடுகிறது. இந்தத் தாழ் அலை வேண்டுமென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு அப்பால் அது மங்கிவிடும். கைப்பைக்குள் உறங்கும் திறப்பு அந்தக் கூப்பாட்டில் விழித்து, கார் கேட்ட புதிருக்குத் தன் இரகசிய எண்ணைக்கொண்டு விடை கணித்து, ரிமோட்டின் உயர் அலைவரிசையில் திருப்பி அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு மோட்டர் சுழல்கிறது. காருக்குள்ளேயும் இதே போன்ற அன்டெனாக்கள் இருப்பதால், திறப்பு உள்ளே வந்துவிட்டதா வெளியே நிற்கிறதா என்பதும் காருக்குத் தெரியும். 1982 இல் ரெனோ நிறுவனத்தின் பியூகோ கார் அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ரிமோட்டோடு வந்தது. பையிலிருந்து எடுக்கவே தேவையில்லாத திறப்பை மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் வகுப்புக் காரில் 1998 இற் கொடுத்தது.

உங்கள் பற்றரிக்கான விடையை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: கார் நிற்பது வீட்டு விறாந்தையை ஒட்டி, திறப்புத் தொங்குவது அதே விறாந்தைச் சுவரின் ஆணியில். பல கார்கள் கைபிடியை எவரும் தொடாமலேயே இடையிடையே கூப்பிட்டுப் பார்க்கும். அதனால் இரவு முழுவதும் காரின் கூப்பாடு திறப்புக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதுவும் சலிக்காமல் விடை சொல்கிறது. திறப்பின் பற்றரி மட்டுமல்லாமல் காரின் பற்றரியும் இதனால் இறங்கும். தொலைக்காட்சி, கைபேசிச் சார்ஜர் ஆகியவற்றின் அருகில் வைத்தாலும் திறப்பு வீணாக விழித்துக்கொள்ளும். ஆணியை உள்ளறைக்கு மாற்றுங்கள். கொக்காவில் போன்ற பெரிய ஒலிபரப்புக் கோபுரங்களின் அடியில் திறப்புச் சற்றுத் தடுமாறினால் அது பழுதல்ல. திறப்பைக் கைபிடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியபோது கார் தானாகப் பூட்டிக்கொண்டது. திறப்பும் இரண்டு வயதுக் குழந்தையும் உள்ளே. கச்சான் கடைக்காரர்கள் ஓடிவந்து கம்பி விட்டுத் திறந்தார்கள். இது எப்படி நடந்தது?

ரிமோட்டாற் கதவைத் திறந்த பிறகு, ஏறத்தாழ 30 வினாடிகளுக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், பல கார்கள் தாமாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். பையிற் தவறுதலாகப் பொத்தான் அழுந்தினால் கார் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கதவின் ஆளி பழுதாகி, கதவு திறந்ததையே கார் உணராமல் விட்டாலும் இதுவே நடக்கும். கதவைத் திறந்து வைத்தபோது உள்விளக்கு எரிகிறதா, டாஷ்போர்டில் கதவுக் குறி தெரிகிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஆளியை மாற்றுங்கள். ஸ்மார்ட் கீ உள்ள கார்கள் திறப்பு உள்ளே இருந்தால் பொதுவாகப் பூட்ட மறுக்கும், ஆயினும் திறப்பு டாஷ்போர்டின் மேலோ உலோகப் பாத்திரத்துக்குள்ளோ இருந்தால் ஏமாறக்கூடும். வெயிலில், உள்ளே குழந்தை இருக்கும்போது கம்பியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். குழந்தையிடமிருந்து தூரத்திலுள்ள கதவின் கண்ணாடியை, அதன் மூலையில் அடித்து உடையுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: திறப்பு வீட்டுக்குள் இருக்கும்போதே காரைத் திறந்து ஓட்டிச் செல்லும் காணொளிகள் கைபேசியில் வருகின்றன. உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. சூரிச்சிலுள்ள ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல், எட்டு உற்பத்தியாளர்களின் பத்துக் கார்களில் இதைச் செய்து காட்டினார்கள். காரின் தாழ் அலைக் கூப்பாட்டை ஒருவர் பிடித்து, வீட்டுச் சுவரருகே நிற்கும் மற்றவருக்கு நீட்டிவிடுகிறார். திறப்புக்குத் தன் கார் பக்கத்தில் நிற்பதாகவே தோன்றுகிறது. இரகசிய எண் எதுவும் உடைக்கப்படுவதில்லை என்பதே இதன் சூட்சுமம். இதைத் தடுக்க, திறப்பைப் போட்டு வைக்க இறுக்கமாக மூடும் பழைய பிஸ்கட் ரின் ஒன்று உங்களுக்குப் போதும். ரின்னைச் சோதிக்க, திறப்பை அதற்குள் போட்டு மூடி, காரின் அருகே கொண்டுபோய்க் கைபிடியைத் தொடுங்கள். கதவு திறக்காவிட்டால் ரின் நல்லது. டொயோட்டாவின் பல ஸ்மார்ட் கீகளில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால் விளக்கு நான்கு தரம் மின்னித் திறப்பு உறங்கிவிடும். ஏதாவதொரு பொத்தானை அழுத்தினால் மறுபடி விழிக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: பாவித்த கார் வாங்கினேன், ஸ்மார்ட் கீ ஒன்றுதான் தந்தார்கள். இரண்டாவது அவசியமா?

அவசியம், அதுவும் முதலாவது வேலை செய்யும்போதே. பதிவான திறப்பொன்று கையில் இருந்தால் புதியதைச் சேர்ப்பது எளிது. எல்லாம் தொலைந்த பிறகு என்றால் வேலையும் செலவும் பல மடங்கு. திறப்புப் பதிபவர் தன் கருவியைக் காரிற் பொருத்தியதும், மொத்தம் எத்தனை திறப்புகள் பதிவில் இருக்கின்றன என்று கேளுங்கள். உங்களிடம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டினால், மற்றவற்றை அழிக்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் மேசை இலாச்சியில் உங்கள் கார்த் திறப்பு கிடக்க வேண்டியதில்லை. புதிய திறப்புக் கிடைத்த அன்றே அதன் பற்றரியைக் கழற்றிவிட்டு, உள்ளே செருகியிருக்கும் உலோகத் திறப்பாற் சாரதிக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி திறப்பை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து இயக்கிப் பாருங்கள். திறப்புக்குள் இருக்கும் சிறு சிப், காரின் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்னை எடுத்துக்கொள்ளும் என்பதால் பற்றரி இல்லாமலும் எஞ்சின் இயங்க வேண்டும். இயங்காவிட்டால், பதிந்தவர் கடையை மூடுமுன் திரும்பிப் போங்கள்.