“கறுத்துட்டே, குண்டாயிட்டே”: டர்பன் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மாணவர் ஆலோசனைப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கல்லூரி வளாகங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் உடம்பைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெயர்கள் வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

கேள்வி: அக்கா, கல்யாண வீட்டுக்குப் போனாலே ஆன்ட்டிமார் “என்ன இப்படிக் கறுத்துட்டே?” என்கிறார்கள். தோழி ஒரு கிரீம் வாங்கித் தந்தாள். மூன்று வாரத்தில் முகம் நன்றாக வெளுத்துவிட்டது. தொடர்ந்து பூசலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அவ்வளவு சீக்கிரம் வெளுத்ததுதான் எனக்குக் கவலை. ஹைட்ரோகுவினோன் என்ற தோல் வெளுக்கும் ரசாயனம் கலந்த அழகுக் கிரீம்களை இந்த நாடு 1990லேயே தடை செய்துவிட்டது. தோலை வெளுக்கும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. வருஷக்கணக்கில் பூசிய பெண்களின் கன்னங்களில் நீலங்கலந்த கறுப்புப் படை விழுந்து, போகவே போகாமல் நின்றதைத் தோல் மருத்துவர்கள் எடுத்துச் சொல்லிச் சொல்லி வந்த சட்டம் அது. ஆனாலும் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் தரும் டப்பாக்கள் இன்னும் இருக்கின்றன. பாதரசமோ கடுமையான ஸ்டீராய்டோ எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். டப்பாவைத் திருப்பிப் பார். என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதவே இல்லையா? அல்லது ‘குளோபெட்டசால்’ என்ற கடுமையான ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா? எதுவானாலும் டப்பாவோடு கிளினிக்குக்குப் போ. ஸ்டீராய்டு என்றால் நிறுத்தும்போது முகம் சிவந்து எரியலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எப்படி நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.

ஆன்ட்டிமாருக்கு ஒரு பதில் கைவசம் வைத்துக்கொள்: “ஆமா ஆன்ட்டி, அப்படியே எங்க ஆயா மாதிரி இருக்கேன்ல?” சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பிரியாணிப் பக்கம் நகர்ந்துவிடு.

கேள்வி: எங்கள் தமிழ் மாணவர் சங்கத்தில் “உன் உடம்பை நேசி” என்று போஸ்டர் ஒட்டப் போகிறோம். கூடவே எடை குறைப்புப் போட்டியும் வைக்கலாமா?

பதில்: போட்டியை இன்றைக்கே கைவிடுங்கள். போஸ்டர் காசையும் மிச்சம் பிடியுங்கள். தன் உடம்பைப் பிடிக்காத பிள்ளைக்கு ‘நேசி’ என்று கட்டளை போட்டால், அதுவும் தன்னால் முடியவில்லையே என்று இன்னொரு குறை சேரும்.

எரிக் ஸ்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் உருவாக்கிய ‘பாடி புராஜெக்ட்’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கல்லூரிப் பெண்களிடம் பலமுறை சோதித்துப் பலன் கண்டது. அங்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை. மெலிந்தால்தான் அழகு என்ற எண்ணத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம், அதில் யாருக்கு லாபம் என்று வந்தவர்களே பேச வேண்டும். தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கடிதம் எழுத வேண்டும், நடித்து வாதாட வேண்டும். பிறர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். நாலு பேர் முன்னால் நாமே வாதாடியதைப் பிறகு நாமே மறுப்பது கஷ்டம். சூட்சுமம் அதுதான்.

நீங்களும் ஒரு சின்னக் கூட்டமாக உட்காருங்கள். “இடுப்பு சிறுத்தால்தான் புடவை எடுப்பாக இருக்கும், மாப்பிள்ளை வருவான்” என்று ஒருத்தி அடம்பிடிக்கட்டும். மற்றவர்கள் அவளை மடக்கட்டும். பாதியில் சிரிப்பு வரும், வரட்டும். பட்டினி கிடந்து மீண்டவர்களைப் பேச அழைத்தால், எத்தனை கிலோ இறங்கியது, என்னென்ன செய்தேன் என்ற விவரம் மட்டும் வேண்டாம். கேட்கிறவர்களில் யாராவது அதையே வழியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 24 வந்தது. ஒரு அட்டவணை ‘சரி’ என்கிறது, இன்னொன்று ‘அதிகம்’ என்கிறது. எதை நம்ப?

பதில்: இரண்டும் சரி. பொதுவான எல்லை 25. ஆனால் ஆசிய உடம்புகளில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப் பார்ப்பதால் 23லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள். அந்த எண்ணுக்கு அழகோடு சம்பந்தமில்லை.

கேள்வி: தம்பி ரெஸ்ஸில் (மாணவர் விடுதியில்) தங்கிப் படிக்கிறான். ஜிம்முக்கு ஒரு நாள் போகாவிட்டால் எரிந்து விழுகிறான். கை பருத்திருந்தும் “இன்னும் குச்சியா இருக்கேன்” என்கிறான்.

பதில்: உடம்பு போதவில்லை என்ற இந்தக் கவலை பையன்களுக்கும் வரும், வீடுதான் கவனிக்காது. வகுப்பை, நண்பர்களை ஜிம்முக்காக விடுகிறானா என்று பாருங்கள். தசை பருக்க ஊசி, மாத்திரை எடுக்கிறானா என்று திட்டாமல் நேராகக் கேளுங்கள். ‘குச்சி’ என்று வீட்டில் கூப்பிடுகிற பட்டப்பெயர் இருந்தால் முதலில் அது போகட்டும்.

கேள்வி: காவடி விரதம் முடிந்து எத்தனையோ நாளாயிற்று. தோழி இன்னும் விரதம் என்றே சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளுகிறாள். சாப்பிட்டால் உடனே பாத்ரூம் போகிறாள்.

பதில்: முருகனுக்கு இருக்கும் விரதம் காவடி இறக்கியதோடு முடிந்துவிடும். இது வேறு, சாப்பாட்டை ஒட்டிய மனநோயாக இருக்கலாம். “மெலிஞ்சுட்டே” என்றோ “சாப்பிடு” என்றோ ஆரம்பிக்காதே. “கொஞ்ச நாளா நீ சோர்ந்து தெரியறே, என்ன ஆச்சு?” என்று தனியாகக் கேள். மாதவிலக்கு நின்றிருந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, வாந்தி எடுப்பது தெரிந்தாலோ காத்திருக்காதே. மாணவர் கிளினிக்குக்குக் கூடவே போ. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் ‘சடாக்’ என்கிற தென்னாப்பிரிக்க மனநல அமைப்பின் உதவி எண்ணை அழைக்கலாம். அவள் கோபித்துக்கொள்வாள், உன்னோடு சில நாள் பேசமாட்டாள். அதற்காக விட்டுவிடாதே.