மூன்று மருத்துவமனை, மூன்று விலை: அம்மாவின் இடுப்பு மூட்டுக்கு எதை நம்புவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். 68 வயதாகும் என் அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டர்பன் பகுதியில் மூன்று தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தேன். ஒன்றில் 138,000 ரான்ட், இன்னொன்றில் 192,000, மூன்றாவதில் 224,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தாள்களை இணைத்துள்ளேன். 71 வயதாகும் அப்பா ஓய்வூதியர். அவருடைய மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவச் செலவுத் திட்டத்தில்தான் அம்மாவும் இருக்கிறார். அங்கே கேட்டால் “நூறு சதவீதம் தருவோம்” என்கிறார்கள். அத்தையோ, “அதை நம்பாதே, கைப்பணம் போகும்” என்கிறார். ஒரே அறுவை சிகிச்சைக்கு விலை ஏன் இப்படி மாறுகிறது? என் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து 40,000 ரான்ட் எடுத்து வைக்கட்டுமா? சென்னைக்கு அழைத்து வா என்று பெரியம்மா மகன் சொல்வது சரியாக வருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் அத்தை சொன்னது சரி. ஆனால் அதற்கு முன், நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவை ஒரே பொருளுக்கான மூன்று விலைகள் அல்ல என்பது தெரியும். 138,000 ரான்ட் என்பது மருத்துவமனையின் பங்கு மட்டுமே: அறுவை அரங்கு, வார்டு, நுகர்பொருள்கள், செயற்கை மூட்டு. அறுவை மருத்துவர், அவருடைய உதவி மருத்துவர், மயக்க மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் கட்டணங்கள் தனி என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார்கள். 224,000 ரான்டில் அறுவை மருத்துவரின் கட்டணம் இருக்கிறது, மயக்க மருத்துவருடையது இல்லை. நடுவில் உள்ள 192,000 மட்டும்தான் நான்கு இரவுத் தங்கல், செயற்கை மூட்டு, எல்லா மருத்துவர்கள், இயன்முறைப் பயிற்சி அனைத்தையும் உள்ளடக்கிய முழுத்தொகை. ஆகவே மிகக் குறைவாகத் தோன்றுவது, எல்லாம் சேர்ந்து முடியும்போது நடுவிலுள்ளதைத் தாண்டிப் போகவும் கூடும்.

மருத்துவர்களின் கட்டணம் தனியாக வருவதற்குக் காரணம் இந்நாட்டின் விதிமுறை. தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவமனைகள் மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வதை மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றத்தின் நெறிமுறை பொதுவாக அனுமதிப்பதில்லை. எனவே அறுவை மருத்துவர் தனித் தொழில் நடத்துபவர். மயக்க மருத்துவரும் அப்படியே. உங்கள் தாயார் ஒரு கட்டிலில் படுத்திருப்பார். ஆனால் ஐந்தாறு தனித்தனி வணிகங்கள் அவர் பெயருக்குப் பில் அனுப்பும். அவற்றில் பெரும்பாலானவற்றில் 15 சதவீத வாட் வரி உண்டு என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஐந்தாறு பேரும் எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்லும் பொதுக் கட்டணப் பட்டியலும் இப்போது இல்லை. ஒரு காலத்தில் மருத்துவத் திட்டங்களும் மருத்துவர் சங்கமும் மருத்துவமனைச் சங்கமும் கூடிப் பேசித் தொகைகளை வெளியிட்டுவந்தன. போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசுவது சட்டத்துக்கு ஒவ்வாது என்று போட்டி ஆணையம் 2004ஆம் ஆண்டுவாக்கில் அதை நிறுத்தியது. அதன் பின் அரசு கொண்டுவந்த தேசிய வழிகாட்டு விலைப்பட்டியலை 2010இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மெடிக்கல் எய்டும் ஒவ்வொரு மருத்துவமனைக் குழுமத்துடனும் தனியாகப் பேரம் பேசுகிறது. அதனால் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும் இருவருக்கு இருவேறு தொகை வருவது சாதாரணம். முன்னாள் தலைமை நீதிபதி சாண்டிலே நிகோபோ தலைமையிலான சுகாதாரச் சந்தை விசாரணைக் குழு 2019 செப்டம்பரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மூன்று பெரிய குழுமங்களின் கையில்தான் தனியார் மருத்துவமனைக் கட்டில்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருக்கிறது என்று அது கண்டது. இத்தகைய சந்தையில் தனி மனிதர் பேரம் பேசி அதிகம் குறைக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்டு ஏமாறாமல் இருக்க முடியும்.

மருத்துவமனைப் பில்லுக்குள் விலையை ஏற்றி இறக்குபவை முக்கியமாக மூன்று. அறுவை அரங்கின் வாடகை நிமிடக் கணக்கில் ஓடுகிறது; எழுபது நிமிடத்தில் முடிக்கும் மருத்துவருக்கும் இரண்டு மணி நேரம் எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளிதான் சுமக்கிறார். தங்கும் நாட்கள் இரண்டாவது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் தீவிர கவனிப்புப் பிரிவில் ஓரிரவு வைப்பார்கள், அதன் நாள் வாடகை வார்டைவிடப் பல மடங்கு. உங்கள் தாயாருக்குச் சர்க்கரை இருந்தால், அதை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவருவது உடலுக்கு மட்டுமல்ல, பில்லுக்கும் நல்லது.

மூன்றாவது செயற்கை மூட்டு. இங்கேதான் விலை அதிகம் மாறுகிறது. மருந்துகளுக்கு இந்நாட்டில் 2004 முதல் ஒற்றை வெளியீட்டு விலை என்ற கட்டுப்பாடு இருக்கிறது. எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் உற்பத்தியாளரின் அடிப்படை விலை ஒன்றுதான். உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிமென்ட் வைத்துப் பதிக்கும் பழைய வகைக்கும், எலும்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ளும் டைட்டானியம் வகைக்கும், பீங்கான் தலை வைத்த வகைக்கும் விலை வேறுவேறு. எதைப் பொருத்துவது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார், பணத்தை வேறொருவர் கட்டுகிறார். 224,000 ரான்ட் தாளில் இருப்பது பீங்கான் வகை. விலை கூடியது என்பதாலேயே அது உங்கள் தாயாருக்கு மேலானது ஆகிவிடாது. 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று தேசியப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொருத்திய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்கியிருந்தன. 68 வயதில் பொருத்திக்கொள்பவருக்கு, நீண்ட நாள் பதிவு உள்ள சாதாரண வகையே பெரும்பாலும் போதும். புதிது என்பது எப்போதும் நன்மையும் அல்ல: உலோகத்தோடு உலோகம் உராயும் வகையில் செய்யப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டை டெப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏன் இந்த வகை, இதைவிட விலை குறைந்ததைப் பொருத்தினால் என்ன குறையும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். ஆண்டுக்கு எத்தனை இடுப்பு மூட்டு மாற்றுகிறார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அந்த எண்ணிக்கை விலையைவிட அதிகம் சொல்லும்.

விலை மாறுவது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் என்று எண்ண வேண்டாம். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 62 வயதுப் பாட்டிக்காக விசாரிப்பதுபோல் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசி இதே அறுவை சிகிச்சைக்கு விலை கேட்டார்கள். மிகக் குறைந்த பதில் 11,100 டாலர், மிக அதிகம் 125,798 டாலர். உங்களுடைய 138,000 முதல் 224,000 வரையிலான இடைவெளி அதோடு ஒப்பிட்டால் அடக்கமானது.

இனி அந்த “நூறு சதவீதம்”. அது பில்லின் நூறு சதவீதம் அல்ல. மெடிக்கல் எய்ட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தொகையின் நூறு சதவீதம். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. அறுவை மருத்துவருக்குத் திட்டம் வைத்திருக்கும் தொகை 15,000 ரான்ட். அவர் முந்நூறு சதவீதம் வாங்குபவர் என்றால் பில் 45,000, உங்கள் பங்கு 30,000. மயக்க மருத்துவருக்குத் திட்டத்தின் தொகை 8,000. அவர் இருமடங்கு கேட்டால் உங்கள் பங்கு 8,000. செயற்கை மூட்டுக்கு ஆண்டு வரம்பு 55,000. பொருத்தியது 72,000 என்றால் 17,000. திட்டத்தின் வலையமைப்பில் இல்லாத மருத்துவமனை என்பதற்காக நுழையும்போதே கட்டச் சொல்லும் தொகை 12,000. நூறு சதவீதம் கிடைத்தும் கையிலிருந்து போவது 67,000 ரான்ட். மருத்துவமனைகளை ஒப்பிட வேண்டிய எண் இதுதான். மொத்த விலை அல்ல. 192,000 ரான்ட் கேட்கும் குழுவோடு அப்பாவின் மெடிக்கல் எய்டுக்கு ஒப்பந்தம் இருந்தால், உங்கள் பங்கு மிகவும் குறைந்துவிடலாம். முழுத்தொகை பேசிய குழு கூடுதல் நாள், கூடுதல் நிமிடம் என்ற செலவைத் தானே ஏற்றுக்கொள்கிறது என்பது இந்த முறையின் பெரிய வசதி. எதுவரை ஏற்கிறது, திரும்பச் சேர்க்க நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வினோதத்தைச் சொல்ல வேண்டும். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அது சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பயன்களின் பட்டியலில் வருகிறது; திட்டம் குறிப்பிட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வரம்பு பார்க்காமல் முழுவதையும் அது கட்ட வேண்டும், திட்டத்துக்குள் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் கழிக்கக் கூடாது. தேய்மானத்துக்காகத் திட்டமிட்டு மாற்றுவதைத் திட்டங்கள் பொதுவாக அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. முறிந்தால் முழுப்பணம், தேய்ந்தால் பேரம். அதற்காக விழட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் அறுவைக்கு நாள் குறிப்பதற்குள் அம்மா விழுந்துவிட்டால், மருத்துவமனைக் காகிதத்தில் தேய்மானத்தின் குறியீடு விழாமல் எலும்பு முறிவின் குறியீடு விழுந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

மெடிக்கல் எய்ட் தருவதற்கும் பில்லுக்கும் உள்ள பற்றாக்குறையை நிரப்ப, கேப் கவர் என்னும் தனிக் காப்பீட்டை இப்போது வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. யாராவது விற்க வருவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்க விதிமுறை இடம் தருகிறது. அம்மாவின் மூட்டு ஏற்கெனவே தேய்ந்தது. இந்த அறுவைக்கு அது பெரும்பாலும் உதவாது. அந்தக் காப்பீட்டை விற்றால் எனக்கும் தரகு கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இதைப் படியுங்கள்.

ஓய்வூதிய நிதியைப் பொறுத்தவரை, 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள இரு பகுதி முறையில் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். ஆனால் அது உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு வரிக்கு உள்ளாகும். நீங்கள் 31 சதவீத வரம்பில் இருந்தால் 40,000 எடுக்கும்போது 12,400 வரியாகப் போய், நிர்வாகக் கட்டணத்துக்கு முன் 27,600தான் கைக்கு வரும். எனக்குப் பிடித்த வழி அல்ல. மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் தவணை கேட்டுப் பாருங்கள்; வீட்டுக் கடன் கணக்கில் முன்கூட்டிக் கட்டிய பணம் இருந்தால் அதிலிருந்து எடுப்பது பெரும்பாலும் மலிவு. இரண்டுமே முடியாதபோது மட்டும் ஓய்வூதிய நிதியைத் தொடுங்கள், அதுவும் பற்றாக்குறை எவ்வளவு என்று எழுத்தில் தெரிந்த பிறகு, அந்த அளவுக்கு மட்டும்.

பணம் யார் கையிலிருந்து போகிறது என்பதும் வரிக் கணக்கில் வேறுபாடு செய்கிறது. 65 வயது கடந்த அப்பா கட்டினால், கைச்செலவில் 33.3 சதவீதம் வரிக் கழிவாகக் கிடைக்கும், வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்ற தடை அவருக்கு இல்லை. ஆனால் அது கட்ட வேண்டிய வரியைக் குறைக்குமே தவிர, பணமாகத் திரும்பி வராது. மெடிக்கல் எய்ட் சந்தாவுக்கான கழிவிலேயே அவருடைய வரி பூச்சியமாகியிருந்தால் மேலும் பயன் இல்லை. அவருடைய கடைசி வரி மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் கட்டினால், அம்மா உங்கள் பராமரிப்பில் இருப்பவர் என்று காட்ட வேண்டும். அப்போதும் அந்த 7.5 சதவீதத்தைத் தாண்டியதில் 25 சதவீதம்தான்.

சென்னையில் அறுவைக் கட்டணம் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் திட்டமிட்டு வெளிநாட்டில் செய்துகொள்ளும் அறுவைக்கு இங்குள்ள மெடிக்கல் எய்ட் பொதுவாகக் கட்டாது. ஆக, அங்கே நீங்கள் தரும் முழு விலையை இங்குள்ள 224,000 ரான்டோடு ஒப்பிடாதீர்கள். இங்கே உங்கள் பங்காக வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். இருவருக்கு விமானச் செலவு, பல வாரத் தங்கல், நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து, ஆறு மாதம் கழித்து மூட்டு நழுவினால் டர்பனில் யார் பார்ப்பது என்ற கேள்வி எல்லாம் அதன் மேல். மெடிக்கல் எய்ட் இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம், உங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஆர். கே. கான் மருத்துவமனை வழியாக அரசு வரிசையும் உண்டு. முதியோர் உதவித்தொகை பெறுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வரிசைதான் நீளம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. மூன்று இடங்களிலும் நோய்க் குறியீடு, செய்முறைக் குறியீடுகள், செயற்கை மூட்டின் பொருள் குறியீடு ஆகியவற்றோடு விரிவான மதிப்பீடு கேளுங்கள்; மயக்க மருத்துவரின் அலுவலகத்திலும் தனியாகக் கேளுங்கள். அவற்றை மெடிக்கல் எய்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று முன் அனுமதி எண்ணோடு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன “நூறு சதவீதம்” பின்னர் எந்த வாதத்துக்கும் உதவாது. பதிலில் செயற்கை மூட்டின் ஆண்டு வரம்புதான் பெரிய ஓட்டையாகத் தெரிந்தால், அம்மாவால் வலியைப் பொறுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஆண்டு இறுதியில் அப்பாவின் திட்டத்தை மேல் படிக்கு மாற்றி ஜனவரிக்குப் பிறகு நாள் குறிக்க முடியுமா என்று பாருங்கள். கூடும் சந்தாவைப் பன்னிரண்டால் பெருக்கி, மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.