பாட்டுக்குக் கீழே இருக்கும் பெயர்: ஜிம் பீட்டரிக் குறித்து வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ‘வெஹிக்கிள்’ பாட்டை பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழுவின் பாட்டு என்றே நினைத்திருந்தேன். வேறு குழு என்கிறார்களே, யார் எழுதியது?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அடித்தொண்டைக் குரல், முகத்தில் அறையும் டிரம்பெட், 1970-ஆம் ஆண்டு எல்லாம் சேர்ந்து அந்தக் குழுவின் பாடகர் டேவிட் கிளேட்டன்-தாமஸை நினைவுபடுத்திவிடும். பாடியதும் எழுதியதும் ஜிம் பீட்டரிக். குழு, தி ஐட்ஸ் ஆஃப் மார்ச். சிகாகோவை ஒட்டிய பெர்வின் நகரப் பள்ளிப் பையன்கள் 1964-இல் தொடங்கியது. அப்போது அதற்கு ‘ஷான்-டெல்ஸ்’ என்று பெயர். 1966-இல் ‘யூ வுட்ன்ட் லிசன்’ பில்போர்டு பட்டியலில் 42-ஆம் இடம் வரை போனது. அது ஹார்ன் (டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுகருவிகள்) இல்லாத, நல்ல குரல் ஒத்திசைவு கொண்ட பாட்டு. பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸும் சிகாகோ குழுவும் வழி திறந்துவிட்ட பிறகு இவர்களும் ஊதுகருவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘வெஹிக்கிள்’ 1970 மே மாதம் 2-ஆம் இடம் பிடித்தபோது பீட்டரிக்கின் வயது 19.

கேள்வி: குழுவுக்கு ஏன் அந்தப் பெயர்?

பதில்: பாஸ் கிட்டாரும் சாக்ஸபோனும் வாசித்த பாப் பெர்க்லண்ட், பள்ளியில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ படித்தபோது எடுத்துக் கொடுத்த பெயர். மார்ச் 15-ஆம் தேதியைக் குறித்து சீசரை எச்சரிக்கும் வசனம் அதில் வருகிறது.

கேள்வி: இவரேதான் ‘ஐ ஆஃப் தி டைகர்’ எழுதியவரும் என்று படித்தேன். ஒன்றில் டிரம்பெட் முழங்குகிறது. இன்னொன்றில் ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. ஒரே கை எழுதியதாகத் தோன்றவில்லையே?

பதில்: இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். பாடகரையும் வரிகளையும் விட்டுவிட்டு, பாடகர் மூச்சு விடும் இடைவெளிகளில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ‘வெஹிக்கிள்’ ஹார்ன் ரிஃபோடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டோடு, தொடங்குகிறது. பாடல் வரி வந்ததும் ஹார்ன்கள் ஒதுங்குகின்றன, வரி முடிந்ததும் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகின்றன. ஊதுகருவிக்காரர் இடைவிடாமல் ஊத முடியாது, மூச்சு வாங்க வேண்டும். அதனால் ஹார்ன் குழுவுக்கு எழுதுபவருக்கு மௌனத்தையும் சேர்த்தே எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது.

1982-இல் ‘ராக்கி III’ படத்துக்காக சில்வெஸ்டர் ஸ்டாலோன் கேட்டபோது, பீட்டரிக்கும் அவருடைய அடுத்த குழுவான சர்வைவரின் கிட்டார் கலைஞர் ஃபிராங்கி சல்லிவனும் படத்தின் காட்சித் தொகுப்பை வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதில் தற்காலிகமாகச் சேர்த்திருந்த பாட்டு குவீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’. அதைப் பயன்படுத்த உரிமை கிடைக்கவில்லை. இவர்கள் திரையில் விழும் குத்துகளுக்கு இசைவாக கிட்டார் கார்டுகளை வைத்தார்கள். சி மைனர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 109 தட்டு. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் பதினாறாம் ஸ்வரங்கள் (தட்டுக்கு நான்கு) அடியில் ஓட, மேலே ஒரு வெட்டு, இடைவெளி, பிறகு மூன்று வெட்டு, மறுபடி இடைவெளி. அந்த வெட்டுகளை இரண்டு டிரம்பெட்டுக்கும் ஒரு சாக்ஸுக்கும் எழுதிக் கொடுத்தால் ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல் வாசிக்கலாம். ஊதுகருவி இல்லாமல் எழுதிய ஹார்ன் பாட்டு என்பதே எங்கள் கணிப்பு. 1982 ஜூலையில் முதலிடம் ஏறி, ஆறு வாரம் அங்கேயே இருந்தது. கிராமி விருதும் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தன.

படத்தில் ஒலிப்பது மாதிரிப் பதிவு, ஆல்பத்தில் இருப்பது பிறகு முழுமையாகப் பதிந்தது. இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர்கள் படத்தையே பார்க்க வேண்டும்.

கேள்வி: ‘வெஹிக்கிள்’ ஒலிப்பதிவின்போது மாஸ்டர் டேப் அழிந்துபோனதாமே? உண்மையா?

பதில்: உண்மை. முடித்து வைத்த மாஸ்டரில், அதாவது இறுதிப் பதிவு நாடாவில், 14 விநாடி, பெரும்பாலும் கிட்டார் சோலோ பகுதி, ஸ்டுடியோவில் தவறுதலாக அழிந்தது. வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த இன்னொரு டேக்கிலிருந்து (அதே பாட்டை வேறொரு முறை வாசித்த பதிவு) அந்தப் பகுதியை வெட்டி எடுத்து ஒட்டினார்கள்.

இது எவ்வளவு கடினம் என்பது டேப்பில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் டேப்பில் 14 விநாடி என்றால் 210 அங்குல நீளம். டேப்பைச் சரிவாக வெட்டித்தான் ஒட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒலி சட்டென்று மாறி ‘டப்’ என்று கேட்கும். சரிவாக வெட்டினால் ஒரு பதிவு தேய, மற்றது வளரும். அதைவிடப் பெரிய சிக்கல் தாளம். இரண்டு டேக்கும் ஒரே வேகத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு கச்சிதமாக இருந்தாலும் கேட்பவரின் கால் தடுமாறும். ஒதுக்கிவைத்த டேக் அப்படியே பொருந்தியது என்றால் அந்தப் பையன்கள் எவ்வளவு ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹெட்போன் போட்டு, சோலோ தொடங்கும் இடத்தில் சிம்பல் ஓசையின் தன்மை மாறுகிறதா என்று கவனித்துக் கேளுங்கள்.

கேள்வி: 1973-க்கும் சர்வைவருக்கும் நடுவே அவர் என்ன செய்தார்? அந்த வருடங்களைப் பற்றி எங்கும் இல்லை.

பதில்: ஐட்ஸ் ஆஃப் மார்ச் 1973-இல் ‘மிட்நைட் ஆயில்’ ஆல்பத்தோடு கலைந்தது. அடுத்து 1974-இல் சேஸ் குழுவின் ‘பியூர் மியூசிக்’ ஆல்பத்தைத் தேடுங்கள், அதில் பீட்டரிக்கின் குரல் இருக்கிறது. டிரம்பெட் கலைஞர் பில் சேஸ் நடத்திய குழு அது. முன்வரிசையில் நான்கு டிரம்பெட் நிற்கும். உச்ச ஸ்தாயியில் அவர்கள் போல் ஊதியவர்கள் ராக் இசையில் அரிது. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று மினசோட்டா மாநிலத்தின் ஜாக்சன் அருகே விமானம் விழுந்து, பில் சேஸும் குழுவினர் மூவரும் இறந்தார்கள்.

1976-இல் எபிக் நிறுவனத்தில் ‘டோன்ட் ஃபைட் தி ஃபீலிங்’ என்ற தனி ஆல்பம். கூடவே சிகாகோவில் விளம்பரப் பாடல்கள். 1978-இல் சர்வைவர் உருவானபோது முதலில் டிரம்ஸ் வாசித்த கேரி ஸ்மித், பாஸ் வாசித்த டென்னிஸ் ஜான்சன் இருவருமே சேஸ் குழுவிலிருந்து வந்தவர்கள். ஹார்ன் ராக் தொடர்பு அறுந்துவிடவில்லை என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பிறருக்கு அவர் எழுதிக் கொடுத்த பாடல்களை எப்படித் திரட்டுவது? குழுவின் பெயரைப் போட்டுத் தேடினால் நான்கைந்துதான் வருகின்றன.

பதில்: குழுவின் பெயரில் தேடினால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும். பாடலாசிரியர் பெயரில் தேடுங்கள். அமெரிக்க உரிமச் சங்கங்களான ஆஸ்காப், பிஎம்ஐ இரண்டும் சேர்ந்து நடத்தும் சாங்வியூ தரவுத்தளத்தில் எழுதியவர் பெயரைக் கொடுத்தால் பாடல், இணை ஆசிரியர்கள், பதிப்பாளர் எல்லாம் வரும். பிறகு ஒவ்வொரு தலைப்பையும் டிஸ்காக்ஸ் தளத்தில் இசைத்தட்டின் லேபிள் படத்தோடு ஒப்பிடுங்கள்.

தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. 1986-இல் சர்வைவர் பாடிய ‘இஸ் திஸ் லவ்’ வேறு, பாப் மார்லியுடையது வேறு, ஒயிட்ஸ்னேக்குடையது வேறு. 1981-இல் வந்த ‘ஹெவி மெட்டல்’ படத்தின் ஒரே இசைத்தட்டில் அந்தப் பெயர் கொண்ட பாடல்கள் இரண்டு: சாமி ஹேகர் பாடியது பீட்டரிக்கும் அவரும் எழுதியது, டான் ஃபெல்டருடையதில் பீட்டரிக்குக்குப் பங்கில்லை.

தேடலை 38 ஸ்பெஷல் குழுவிலிருந்து தொடங்குங்கள். ‘ராக்கின் இன்டு தி நைட்’, ‘ஹோல்ட் ஆன் லூஸ்லி’, ‘காட் அப் இன் யூ’ மூன்றிலும் அவர் பெயர் உண்டு. ‘ஒயில்ட்-ஐடு சதர்ன் பாய்ஸ்’ அவர் தனியாக எழுதியது. தெற்கத்திக் குழு ஒன்றின் அடையாளப் பாட்டைச் சிகாகோக்காரர் எழுதியிருக்கிறார். பாடுகிறவரின் வாய்க்கு ஏற்ற வார்த்தையைக் கொடுப்பதில் அவருக்கு இருந்த தேர்ச்சி அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

கேள்வி: இணையத்தில் ‘வெஹிக்கிள்’ பல பதிப்பாகக் கிடைக்கிறது. அசல் எது?

பதில்: ஒலிப்பதிவு உரிமைக் குறியான வட்டத்துக்குள் ‘பி’ எழுத்தை அடுத்து வரும் ஆண்டையும் நிறுவனத்தையும் பாருங்கள். 1970, வார்னர் என்று இருக்க வேண்டும். தொகுப்பு ஆல்பங்களில் பிற்காலத்தில் மறுபடி பாடிய பதிவைப் போட்டு, அதைப் பொடி எழுத்தில் குறிப்பிடுவதுண்டு. நீளம் சில விநாடி வேறுபட்டால் சந்தேகப்படுங்கள். இசைத்தட்டாக வாங்கினால் பின்பக்கம் ‘லீட் மீ ஹோம், ஜென்ட்லி’ இருக்கும். அமெரிக்க 45 சுழற்சித் தட்டின் நடுத்துளை பெரிது. அடாப்டர் போடாமல் ஓட்டினால் தட்டு மையம் விலகிச் சுருதி ஏறி இறங்கும். தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு டிரம்பெட், ஒரு டெனர் சாக்ஸ், ஒரு டிராம்போன். இதே மாதிரி ரிஃப் எழுதினோம், வாசித்தால் கலங்கலாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் மூவரையும் ஒரே மெட்டை, ஆக்டேவ் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். ரிஃபுக்கு அது போதும். ஹார்மனியை நீண்ட ஸ்வரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே போய் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இரண்டு கருவிகளை நிறுத்தினால் எப்படி வாசித்தாலும் கலங்கும். அங்கே ஐந்தாம் ஸ்வர இடைவெளியோ ஆக்டேவோ வையுங்கள்.

எழுதும்போது சுருதி மாற்றத்தைச் சரிபாருங்கள்: எழுதியதைவிடக் கீழே ஒலிக்கும் கருவிக்கு அந்த அளவு மேலே எழுத வேண்டும். டிரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே, டெனர் சாக்ஸுக்கு ஓர் ஆக்டேவும் ஒரு முழு ஸ்வரமும் மேலே, டிராம்போனுக்கு உள்ளது உள்ளபடி பாஸ் கிளெஃபில். கிட்டார் ஈ-ஃபிளாட் மைனரில் இருந்தால் டிரம்பெட், டெனர் தாள்களில் எஃப் மைனர் இருக்க வேண்டும்.

ஸ்வரம் எங்கே முடிகிறது என்பதைத் தாளில் குறியுங்கள். எல்லாரும் சேர்ந்து தொடங்கிவிடுவார்கள், நிறுத்துவதில்தான் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ‘மூன்றாம் தட்டில் நிறுத்து’ என்று எழுதி, அந்த ஒரு பாரை மெதுவாகப் பத்து முறை வாசியுங்கள். கிட்டாரின் நடு அலைவரிசையையும் சற்றுக் குறையுங்கள். டிரம்பெட்டும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் மோதுவது அங்கேதான்.

கருவிகள் சூடேறிய பிறகு சுருதி சேருங்கள். குளிர்ந்திருக்கும்போது சேர்த்தால் இரண்டு பாட்டு முடிவதற்குள் பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) சுருதி மேலே ஏறிவிடும். அப்படி ஏறினால் மெயின் டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்து, கச்சேரி பி-ஃபிளாட்டில் (உண்மையில் ஒலிக்கும் பி-ஃபிளாட்) மறுபடி சரிபாருங்கள்.