வாசிகசாலைக் கணினிகளில் லினக்ஸ்: எல்லோரும் பயமின்றிப் பாவிக்க

கேள்வி: கொக்குவிலில் உள்ள எமது சனசமூக நிலைய வாசிகசாலைக் கணினிகளில் விண்டோஸ் 11 இயங்காது என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாற விரும்புகிறோம். இணையத்தில் பத்திரிகை வாசிக்கும் முதியவர்களும், உயர்தர மாணவர்களும், கூட்ட அறிக்கை தட்டச்சுச் செய்யும் செயலாளரும் தடுமாறாமல் பாவிக்கும்படி அதை எவ்வாறு அமைப்பது?

பதில்: விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும், இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்பதால், நன்றாக இயங்கும் பழைய கணினிகளைக் கழித்துவிடாமல் லினக்ஸுக்கு மாற்றுவது சரியான முடிவே. லினக்ஸ் கடினம் என்ற அச்சம் பெரும்பாலும் நிறுவியவர் பாதியில் விட்ட வேலைகளால் உண்டாவது. அவற்றை நீங்களே முன்கூட்டி முடித்துவிட்டால், பாவிப்பவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டி வராது.

லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட் 22 ஐப் பரிந்துரைக்கிறேன். இடது கீழ் மூலையில் பட்டி, கீழே பணிப்பட்டை என்று பழகிய இடத்தில் பழகிய பொருள் இருக்கும். 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்களும் கிடைக்கும். 4 ஜிபி நினைவகமே உள்ள கணினிக்கு அதன் இலகுவான எக்ஸ்எப்சிஈ பதிப்பு பொருத்தமானது.

எம்மவர்களுக்கு உண்மையான தடை தமிழ்த் தட்டச்சுதான். உங்கள் செயலாளர் பாமினி எழுத்துருவில் பழகியவராக இருந்தால், எஃப் விசையில் ககரத்தையும் ஜே விசையில் தகரத்தையும் அவர் விரல்கள் தாமாகவே தேடும். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமாகாது. ஐபஸ் உள்ளீட்டு முறையுடன் எம்17என் தொகுப்பையும் நிறுவினால், அதே அடித்தளத்தில் அமைந்த ரெங்கநாதன் விசைப்பலகை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் கிடைக்கும். மாணவர்களுக்காகத் தமிழ்99 விசைப்பலகையையும் ஒலிபெயர்ப்பு முறையையும் சேர்த்து, மொழி மாற்றும் விசைகளை ஒரு தாளில் எழுதித் திரையின் அருகே ஒட்டிவையுங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் குழம்பித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று பலர் கலங்குவது இந்த இடத்தில்தான். பாமினி எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவியதும் அவை சரியாகிவிடும். ஆனாலும் புதிய ஆவணங்கள் யூனிகோடிலேயே எழுதப்பட வேண்டும்.

ஆவணங்கள் தயாரிக்கும் மென்பொருளான லிப்ரே ஒபிஸில் தாவல்களாக அமைந்த இடைமுகத்தைத் தெரிவு செய்து, கோப்புகள் இயல்பாகவே வேர்ட் வடிவில் சேமிக்கப்படும்படி அமையுங்கள். இல்லையேல் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடிதம் அங்கே திறபடவில்லை என்ற முறைப்பாடு வரக்கூடும். விண்டோஸின் லதா எழுத்துரு இங்கே இராது என்பதால் அதில் எழுதிய பழைய ஆவணங்களின் பக்க அமைப்புச் சற்று நகரலாம். முக்கியமானவற்றை நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பொதுப் பாவனைக்கு விருந்தினர் அமர்வு மிகவும் உகந்தது. உள்நுழைவுச் சாளர அமைப்புகளில் அதை இயக்கினால் கடவுச்சொல் தேவைப்படாது; பாவித்தவர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற கோப்புகளும் உலாவி வரலாறும் அழிந்துவிடும். மின்னஞ்சலை மூட மறந்து எழுந்துபோகும் முதியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. மாணவர்களோ தம் வேலையைப் பென்ட்ரைவில் சேமிக்க வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நிர்வாகி உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதும் மேம்படுத்தல்களைத் தானியங்கியாக்குவதும் சில நிமிட வேலை. எல்லாம் ஒழுங்கானபின் டைம்ஷிப்ட் என்ற மென்பொருள் மூலம் கணினியின் அந்த நிலையைப் பதிந்துகொண்டால், பின்னர் எவராவது அமைப்புகளைக் குழப்பினாலும் மீளத் திரும்பலாம்.

நிறுவுவதற்கு முன் பென்ட்ரைவிலிருந்தே மின்ட்டை இயக்கி, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள். சில பழைய லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸுக்கான இயக்கி மென்பொருள் (டிரைவர்) கிடைப்பது சிரமம். எச்பி பிரின்டர் என்றால் எச்பிலிப் மென்பொருள் பெரும்பாலும் போதும். முதலில் ஒரு கணினியை மட்டும் மாற்றி, செயலாளர் அதில் ஒரு கூட்ட அறிக்கையை முழுமையாகத் தட்டச்சுச் செய்து அச்சிட்டு எடுத்த பின்னரே மற்றவற்றில் கைவையுங்கள்.