டிராவல் சாக்கரை (கிளப் அணியோடு ஊர் ஊராகப் போய் ஆடும் கால்பந்தை) விடப்போவதாக 15 வயது மகள் சொல்கிறாள், சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம். அமெரிக்காவில் இத்தனை வருடம் கிளப்புக்குக் கட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்துத் தடுக்காதீர்கள். அவளுக்கு வெறுத்துப்போனது ஆட்டமா, அதைச் சுற்றியிருக்கும் அலைச்சலா என்று முதலில் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின்கார்டைக்கூடக் கழற்றாமல் ஞாயிறு இரவு காரின் பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு அலுப்பு வராமல் இருக்குமா? முழங்கால் வலியை மறைக்கிறாளா என்றும் பாருங்கள். இந்த வயதில் ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார்க் காயம் பையன்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

ஸ்காலர்ஷிப் ஆசையா? பள்ளியில் ஆடுபவர்களில் என்.சி.ஏ.ஏ. எனும் கல்லூரி விளையாட்டு அமைப்பைச் சேர்ந்த கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆட்டம் இன்னும் பிடித்திருந்தால் பள்ளி அணி இருக்கிறது. 1964-இல் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. எனும் இளையோர் கால்பந்து அமைப்பில் எல்லோருக்கும் பாதி ஆட்டமாவது கிடைக்கும்.

அப்புறம், கிளப் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். உடம்புக்கோ மனசுக்கோ கஷ்டமில்லை என்றால் சீசனை முடித்துவிட்டு, அடுத்த அணித் தேர்வுக்கு முன் கோச்சிடம் அவளே சொல்லட்டும்.